முள் அசையாத மதியம்

எனக்குச் சத்தம் ஆகாது. மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் உண்மை அதுதான், ஐயா.

என் பெயர் தருமன். சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்கும். ஐம்பத்தாறாம் வருடம் அப்பா இறந்ததும் திருவண்ணாமலைக்கே வந்து கடை வைத்தேன். இங்கே கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முடிப்பதற்குள் இன்னும் ஜாஸ்தி வை என்பார்கள். ஜாஸ்தி வைத்தால் குழாய் கிழியும். அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

தீபத்துக்குக் கூடும் மாட்டுச் சந்தையில் வருடா வருடம் அறிவிப்புச் செய்கிறவர் வேணு. பள்ளிக்கூட டிரில் வாத்தியார். கெட்டவர் இல்லை. ஆனால் மைக்கைக் கண்டால் கத்துவார். காணாமல் போன குடைக்கும் கத்துவார், கிடைத்த சாவிக்கும் கத்துவார். போன வருடம் அவரிடம், வாயைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசுங்கள் என்று பக்குவமாகத்தான் சொன்னேன். மைக் திறந்திருக்கும்போதே பதில் சொன்னார்.

"நீ பெட்டியப் பாத்துக்க தருமா. ஜனங்க கேக்க வர்றது என் குரலத்தான்."

ஆறு குழாயிலும் அது போயிற்று. சந்தையே சிரித்தது.

அதன் பிறகுதான் லிமிட்டர் என்ற பெட்டியைச் செய்தேன். பழைய சாமான் கடைகளில் ரேடியோ வால்வு தேடி, எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. அதில் இரண்டு குமிழ். குரல் எந்த அளவைத் தாண்டினால் அமுக்குவது என்பதற்கு ஒன்று, எவ்வளவு இறுக்கி அமுக்குவது என்பதற்கு மற்றது. முணுமுணுத்தாலும் தொண்டை கிழியக் கத்தினாலும் குழாயில் ஒரே அளவுதான் வரும். அளவு காட்டும் முள் ஓரிடத்தில் நிற்கும். பக்கத்தில் ஒரு சுவிட்சும் வைத்தேன். அதைத் தட்டினால் லிமிட்டர் விலகி, குரல் உள்ளபடியே வெளியே போகும்.

இந்த வருடச் சந்தையின் முதல் மூன்று நாளும் நான் நிம்மதியாக இருந்தேன். வேணு பரண்மேல் நின்று கத்தினார். கீழே கூடாரத்தில் நான் குமிழ்களைத் தினம் கொஞ்சம் இறுக்கினேன். குழாய் அமைதியாகப் பேசியது. இந்த வருடம் காதுக்கு இதமாக இருக்கிறது என்று ஒருவராவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. தன் குரல் தனக்கே கேட்கவில்லையே என்று வேணு மட்டும் குறைப்பட்டார். பாட்டரி வீக் என்றேன்.

நான்காம் நாள் மதியம் மழை விட்டிருந்தது. மாடுகள் தண்ணீர் குடிக்கிற குட்டை நிரம்பிக் கிடந்தது. மேலே போன கரண்டுக் கம்பி அறுந்து அதில் விழுந்தது. பரண்மேலிருந்து வேணு பார்த்துவிட்டார்.

"குட்டையில எறங்காதீங்க. வயர் அறுந்து தண்ணில கெடக்குது. யாரும் எறங்காதீங்க."

என் ஹெட்போனில் குரல் லிமிட்டருக்குப் போகும் முன்பே கேட்டுவிடும். ஒரு மனிதன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வெளியே குழாயில் அது, கிடைத்த சாவிக்குச் சொல்கிற அறிவிப்பைப் போலப் போயிற்று. மாடு பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் திருப்பவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து வந்த பொன்னி தன் காளையை ஓட்டிக்கொண்டு குட்டையில் இறங்கினாள். காளை முதலில் சாய்ந்தது. கயிறு அவள் கையில் சுற்றியிருந்தது. அவளைத் தூக்க அவள் புருஷன் இருசப்பன் ஓடினான். வேணு பரணிலிருந்து குதித்து ஓடிச் சேர்வதற்குள் இருவருமே போய்விட்டார்கள்.

பொன்னியின் தங்கை சந்திரம்மாள் ஊரெல்லாம் சொல்கிறாள்: "வாத்தியாரு கொட காணோம்ற மாதிரி சொன்னாரு. அவரு கத்தியிருந்தா எங்கக்கா நின்னிருப்பா." வேணு பள்ளிக்கூடம் போவதில்லை. ஒருநாள் என் கடைக்கு வந்தார்.

"நான் கத்துனனா இல்லியா, தருமா? நீ கேட்டிருப்பியே."

இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சுவிட்சைத் தட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் முதல் தடவை கத்தும்போதே என் விரல் அதன்மேல் போய்விட்டது. கூடாரத்திலிருந்து குட்டை நன்றாகத் தெரியும். பொன்னி வருவதும் தெரிந்தது. இன்னும் ஒரு தடவை கத்தட்டும் என்று நினைத்தேன். அப்புறம் இன்னும் ஒரு தடவை. நான்காம் தடவை அவர் குரல் உடைந்தது. முள் அப்போதும் அசையவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் சொல்வதற்காக நான் வரவில்லை. ஒலிபெருக்கியில் பழுது என்று விசாரணை ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறீர்களாம். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அன்றைக்கு என் பெட்டியில் எந்தக் குறையும் இல்லை.