ஆயில் என் பொறுப்பு

வண்டிக்கு எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை, ஐயா. இன்ஜினில் செருகியிருக்கும் கம்பியை உருவி, நுனியில் ஒட்டியதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் போதும். தேன் நிறத்தில் வழுக்கினால் இன்னும் ஓடலாம். மை மாதிரி கறுத்து நறநறவென்றால் நாள் வந்துவிட்டது. மெக்கானிக்கிடம் போய்க் கேட்கிறவன் ஏமாளி. எந்த மெக்கானிக் வேண்டாம் என்று சொல்லப்போகிறான்?

அதனால் என் வண்டியின் மூடியை வேறு யாரையும் திறக்க விட்டதில்லை. மகளையும்தான். ஓட்டக் கற்றுக்கொடுத்த அன்றே சொல்லிவிட்டேன்.

"ஆயில் என் பொறுப்பு. அது குறைஞ்சா ஸ்டியரிங்குக்கு முன்னாடி சிவப்பு விளக்கு எரியும், எரிஞ்சா நிறுத்து. எரியலைன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போ."

"கண்ணை மூடிக்கிட்டு எப்படிப்பா ஓட்டுறது?" என்றாள். வாய் அப்படி.

அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சமையல், துணி, என் மாத்திரை எல்லாம் அவள் கையில். பெண் கேட்டு வந்தவர்களை நான் விசாரித்தேன். ஒருத்தனும் தேறவில்லை. அதற்குள் அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. குறை சொன்னதில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பாடு போடுவாள்.

அப்புறம் வேறு ஊரில் ஒரு அச்சகத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். நேரில் வரச் சொன்ன காலையில் பேட்டரி வயரைத் தளர்த்தி வைத்தேன். பஸ் ஏறிப்போய் வேலையை வாங்கி வந்துவிட்டாள். என் பிடிவாதம், வேறு எங்கிருந்து வரும்?

கிளம்புவதற்கு முதல் நாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். குனிந்து பார்த்தாள்.

"ஆயில் மாத்துறீங்களாப்பா?"

"நாள் வந்துருச்சும்மா. கறுத்துப் போச்சு."

"இதுதான் உங்களுக்கு மூத்த பொண்ணு. நானெல்லாம் அப்புறந்தான்."

"அவ எதிர்த்துப் பேச மாட்டா. சொல்லாம கொள்ளாம வேலை தேட மாட்டா."

சிரித்துக்கொண்டே என் தலைக்கு அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் பொய் சொல்லவில்லை. ஆயில் மாற்றுவது என்றால் பழசை வடிக்க வேண்டும், புதுசை ஊற்ற வேண்டும். வடித்தேன். ஊற்றவில்லை. அந்தச் சிவப்பு விளக்கின் பல்பையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

காலையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கை காட்டினாள். "சிவப்பு எரியலப்பா. கண்ணை மூடிக்கிட்டுப் போறேன்."

கடைத்தெரு முனையைத் தாண்டாது என்று நினைத்தேன். இன்ஜின் இறுகி நிற்கும், இறங்கி நடந்து வீட்டுக்கு வருவாள், நான் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறுதல் சொல்வேன். ஆனால் கண்போலப் பார்த்துக்கொண்ட வண்டி. பாலம் வரைக்கும் ஓடிவிட்டது. பாலத்தின் ஏற்றத்தில் ஓரம் கட்ட இடமில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் கவனிக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவனைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அதோ, அந்த அறையில்தான் படுத்திருக்கிறாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருப்பதை அப்போதே பார்த்தீர்கள். கண்டவர்கள் வந்து நலம் விசாரிக்கிறேன் என்று தொந்தரவு செய்கிறார்கள், அதற்காகப் போட்டது. துடைப்பது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். நர்சுகளை நம்ப முடியாது.

வண்டியைப் பிரித்துப் பார்த்த உங்கள் ஆள் பல்பு எங்கே என்று கேட்டாராம். இதோ, பையிலேயே இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன், மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் என்னைக் கூட்டிப்போனால் அவளை யார் பார்ப்பது? என்னோடு பேசுவதில்லை என்பது உண்மைதான். அசதி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வண்டிச் சாவியை அவள் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை, ஐயா. அவளுக்கும் இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?