சமாதானம் வேறு, விடுதலை வேறு

பொன்னேரியில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் மேல் கம்பெனியில் செம்புக் கம்பி திருடியதாக வழக்கு. அன்றுதான் கோர்ட்டில் தீர்ப்பு வந்திருந்தது.

"கம்பெனிக்காரங்க கூப்ட்டப்பவே சமாதானமா போயிருந்தா கேஸு என்னிக்கோ முடிஞ்சிருக்கும்ல மேரி?" என்றாள் மூத்தவள்.

"கேஸு முடிஞ்சிருக்கும்க்கா. திருடின்ற பேரு போயிருக்காது. சமாதானம்னா, என்னை மன்னிச்சி வுட்டாங்கன்னு ஆவும். நான் இன்னா பண்ணேன், மன்னிக்கிறதுக்கு? இது விடுதலைக்கா. நான் குத்தவாளி இல்லன்னு ஜட்ஜே சொல்லிட்டாரு."

கவரைப்பேட்டை நெருங்கும்போது அவளுடைய அப்பா போனில் அழைத்தார். "வுட்டுட்டாங்களா கண்ணு?"

"வுட்டுட்டாங்கன்னு சொல்லாத நைனா. விடுதலைன்னு சொல்லு. வாசல்ல நின்னுக்கினு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லு."

அவர் கத்திச் சொன்னது எங்கள் பெட்டி முழுக்கக் கேட்டது.