ஆடி கழியட்டும் என்றேன்

எங்கள் வீட்டில் ஆடி மாதம் பார்ப்பதில்லை. நானும் ரமாவும் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டது ஆடியில்தான். அல்சூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததும் ஆடியில்தான். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள், நாங்கள் சிரித்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றது அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் அழைத்திருக்கிறீர்கள். விசாரணை பாகீரதியின் மீது. ஒக்கலிபுரம் குளிர்கிடங்கில் அமோனியா கசிந்து பெண்கள் இறந்ததற்கு அவருடைய அலட்சியமே காரணம் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். நான் எழுதியது பொய்.

வணிகம் தொடர்பாக மாநிலத்தில் மூன்று அலுவலகங்கள் இருந்தன. ஒன்று ஏற்றுமதியை வளர்த்தது, ஒன்று உரிமம் கொடுத்தது, மூன்றாவது கிடங்குகளைச் சோதித்து, ஆபத்து என்றால் பூட்டியது. ஒரு வியாபாரி மூன்று வாசல் ஏறி இறங்க வேண்டும். மூன்றையும் ஒரே வணிகத் துறையாக்கும் பொறுப்பைத் தனி அதிகாரியாக என்னிடம் கொடுத்தார்கள். நல்ல யோசனை, இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. துறை அமைந்தால் முதல் ஆணையர் நான்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்த்தவர் பாகீரதி ஒருவர்தான். சோதனைப் பிரிவின் தலைமை ஆய்வாளர், ஸ்ரீராம்புரத்துப் பெண். குரலை உயர்த்தாமலே மடக்கிவிடுவார்.

"சார், வியாபாரம் வளரணும்னு பாக்கறவங்க கையிலயே பூட்டையும் குடுத்தா, அவங்க எங்க சார் பூட்டப் போறாங்க?"

அரசுச் செயலாளர் எதிரிலேயே கேட்டார். செயலாளர் தலையாட்டினார். அந்தப் பிரிவை மட்டும் தனியாக விட்டுவிடலாமா என்று என்னையே கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிரித்துக்கொண்டே, பார்க்கலாம் சார் என்றேன்.

பழைய அலுவலகங்களின் அதிகாரம் முடிந்த கையோடு ஆஷாடம் பிறந்தது. கன்னடக்காரர்கள் அந்த மாதத்தில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். "ஆஷாடதல்லி பேடப்பா", ஆஷாடத்தில் வேண்டாமப்பா என்று செயலாளர் புதிய துறையின் திறப்பு விழாவைத் தள்ளிவைத்தார். ஆஷாடம் போய்ச் சிராவணம் வந்ததும், நாள் குறிக்கலாமா என்றார். நான் கொஞ்சம் தயங்குவதுபோல் காட்டிக்கொண்டேன். எங்கள் தமிழ்க் கணக்கில் ஆடி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கள் வீட்டில் ரொம்பப் பார்ப்போம், அதுவும் கழியட்டுமே என்று கன்னடத்திலேயே சொன்னேன். தங்கமான மனிதர். என் நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்து ஒப்புக்கொண்டார்.

அந்தச் சில வாரங்கள் எனக்குத் தேவைப்பட்டன. சோதனை இல்லாமல், பூட்டு இல்லாமல் நகரம் அதன் பாட்டுக்கு ஓடுகிறது என்று காட்டிவிட்டால் போதும். பாகீரதியின் பிரிவு எதற்கு என்று செயலாளரே கேட்பார். அந்த இடைவெளியில் ஒரு கிடங்கைப் பூட்ட வேண்டுமென்றால் கையெழுத்துப் போடக்கூடியவன் தனி அதிகாரியான நான் மட்டுமே.

பாகீரதி வந்தார். குளிர்கிடங்கில் ஏற்றுமதித் திராட்சையைத் தரம் பிரிக்கும் லாவண்யா என்ற பெண்ணையும் கூட்டி வந்திருந்தார். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று நின்றாள்.

"உள்ள போனாலே கண்ணு எரியுது சார். துப்பட்டாவ நனச்சு மூக்குல கட்டிக்கினு வேல பாக்கறோம். ஓனருகிட்ட சொன்னா, ஜாஸ்தி பேசினா நாளைலருந்து வராதேங்கறாரு."

"அமோனியா வால்வு அரிச்சுப் போயிருக்கு சார்," என்றார் பாகீரதி. "மொத்தமா விட்டுச்சுன்னா உள்ள இருக்கறவங்க வாசல் வரைக்கும்கூட வரமுடியாது. நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, இன்னிக்கே பூட்டிடலாம்."

நான் நம்பினேன். இதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். லாவண்யாவின் உடையிலிருந்தே அந்த நெடி வந்தது, என் கண்ணிலும் நீர் கோத்தது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். திறப்பு விழா முடியும்வரை எனக்கும் அதிகாரம் கிடையாது, மேலிடத்து உத்தரவு என்றேன். அப்படி ஓர் உத்தரவே இல்லை. பாகீரதி நம்பிவிட்டார்.

"அதுக்குள்ள ஒண்ணும் ஆகாதில்ல சார்?" என்று லாவண்யா கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. தைரியமா போ," என்றேன்.

கையெழுத்துப் போட்டிருந்தால் பாகீரதி சொன்னது சரியென்று ஆகியிருக்கும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக எதையாவது தேடினால் உங்களுக்குக் கிடைக்காது.

அன்றிலிருந்து தினமும் கோயிலுக்குப் போனேன். அந்தக் கிடங்கில் ஒன்றும் நடக்கக் கூடாது என்று மனமார வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் நல்லபடியாகக் கழிந்தபோது மனம் லேசானது. அந்தப் பெண்கள் மேல் எனக்கு இவ்வளவு அக்கறையா என்று நானே நெகிழ்ந்துபோனேன். ஒரு கையெழுத்துப் போட வேண்டியவன் அர்ச்சனை செய்துகொண்டிருந்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கத்தில் சோறு இறங்குவதில்லை. உடம்பு சரியில்லை என்று ரமா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆடி முடிவதற்குள் ஒரு காலையில் பாகீரதி போன் செய்தார். அவரை அழுது நான் கேட்டதே இல்லை.

"சார், வால்வு போயிடுச்சு சார். ஷிப்டுல இருந்த பொம்பளைங்க யாரும் வெளிய வரல. லாவண்யா போயிட்டா சார்."

எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட வந்தது வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். உங்கள நம்பித்தானே வந்தோம்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.