மிதவையில் கட்டிய நூல்

"தண்ணிக்கு நம்ம வீட்டு மேல அப்படி என்னடி பாசம்? விட்டுப் போகவே மாட்டேங்குது" என்று அண்ணன் ஒருமுறை என்னைக் கேட்டான். நான் சிரித்தேன். பதில் எனக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். என்னோடு உட்கார்ந்து பேசுகிறவன் அண்ணன் ஒருவன்தான். அவன் வெளியூர் வேலைக்குப் போனபின் நோட்டுப் புத்தகங்களோடு பேசினேன்.

வீட்டுக்கு அடியிலிருந்த அறையில் மழைத்தண்ணீர் ஊறியது. அதைச் சரிசெய்ய லீவு போட்டு வந்தான். சுவரோரம் தரையை உடைத்து, துளையிட்ட குழாய் பதித்து, ஜல்லி கொட்டினான். மூலையில் குழி தோண்டி மோட்டார் இறக்கினான். குழியில் தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், மோட்டார் தானாக ஓடும். நான் ஜல்லி அள்ளிக் கொடுத்தேன். "படிக்காட்டி என்ன, ஜல்லி அள்ளுறதுல நீ டாக்டரு" என்பான்.

தரை காய்ந்ததும் பையை அடுக்கினான்.

"போன தடவை மாதிரி நான் தூங்கறப்ப போயிடாத. சொல்லிட்டுப் போ."

"சத்தியமா" என்றான்.

மறுநாள் மிதவையை நூலால் கீழே இழுத்துக் கட்டினேன். அறை நனைந்தது. அவன் பார்க்க வருமுன் அவிழ்த்துவிட்டேன். மோட்டார் நன்றாக ஓடியது. "என்னைக் கண்டா மட்டும் ஒழுங்கா ஓடுது பாரேன்" என்று தலையைச் சொறிந்தான். பயணத்தைத் தள்ளிப்போட்டான். இப்படி நான்கு முறை. எனக்குப் பதினாறு நாள் கிடைத்தது. யாருக்கும் நஷ்டமில்லை.

ஐந்தாம் முறை அம்மா முந்திக்கொண்டு பார்த்துவிட்டாள்; அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவிழ்க்க நேரமில்லை. அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கினான். "ஒயர் ஜாயின்ட்டப் பிரிக்கணும். மேல பிளக்கப் பிடுங்கு" என்றான்.

அடுத்து மிதவையைத் தொடுவான். நூலைப் பார்ப்பான். பிறகு இந்த வாசலை மிதிக்கவே மாட்டான். படியின் மேலே, பிளக்கின்மீது கை வைத்து நின்றேன்.

"பிடுங்கிட்டியா?"

"பிடுங்கிட்டேண்ணே."

ஒயரில் கை வைத்தான். சத்தம் அதிகமில்லை. அதன்பிறகுதான் பிடுங்கினேன். இறங்கி, அவனைத் தாண்டிப் போய், நூலை அவிழ்த்தேன்.

"பிளக்கப் பிடுங்க மறந்துட்டானே பாவி" என்று அம்மா அழுதாள். நான் மறுக்கவில்லை. பெற்றவளுக்கு அந்த ஆறுதலாவது இருக்கட்டும்.

எனக்கு ஒன்றுதான் ஆறவில்லை. அத்தனை கேட்டும், சத்தியம் செய்தும், இந்தத் தடவையும் அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான்.