குளம் பொருந்திய இடம்

தெர்மோகோல் வெட்டும்போது பிளேடைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ள வேண்டும், அய்யா. இல்லாவிட்டால் ஓரமெல்லாம் பொலபொலவென்று உதிரும். பூந்தமல்லி மக்கள் கூட்டத்துக்கான ஊர் மாதிரியை நானேதான் வெட்டினேன். என் பெயர் கோகுல்நாத், நகர வடிவமைப்பாளன். விசாரணைக்கு வந்த இடத்தில் இந்த டீ கப்பைக் கிழித்துக்கொண்டிருப்பதைத் தப்பாக நினைக்காதீர்கள். கை ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பகுதி இடுப்பளவு தண்ணீரில் நின்றது. குளம் வெட்ட வேண்டும். எங்கே என்று மக்களே முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. காலி மனையில் வெட்டினால் மனைக்காரர் கோர்ட்டுக்குப் போவார், வழக்கு இழுத்துக்கொண்டே போகும், மழை காத்திருக்காது. தையல்காரர்கள் சந்தில் யாருக்கும் பட்டா இல்லை. அவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்கள்? அதனால் இடத்தை நான் முன்பே முடிவு செய்துவிட்டேன். மாதிரியில் அந்தச் சந்து இருக்கும் இடத்தை வெறும் பச்சைத் தரையாக விட்டேன். நீலக் குளத்துண்டை அங்கே மட்டுமே பொருந்தும்படி வெட்டினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கூட்டத்தில் அந்தத் துண்டை எடுத்தவர் ஷரீஃபுன்னிசா. அதே சந்தில் தையல் மிஷின் போட்டிருப்பவர். படுத்த படுக்கையான கணவர் அன்வர் பாஷாவைப் போன வெள்ளத்தில் கட்டிலோடு தூக்கிக் காப்பாற்றியவர். குளம் வேண்டுமென்று அவரளவுக்கு ஆசைப்பட்டவர் யாருமில்லை.

"எங்க ஊடு இதுல எங்க கீது சார்?"

பச்சைத் தரைக்குத் தள்ளி, வீடு என்று ஒட்டியிருந்த ஒரு வெள்ளைக் கட்டியைக் காட்டினேன்.

"அப்போ இனிமே அங்க தண்ணி வராதுல்ல?"

"வராதும்மா."

நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே துண்டை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தோம்.

சந்து வீடுகளை இடிக்க வந்த அன்று, அவரே சம்மதித்ததற்கு ஆதாரமாக அதிகாரிகள் அந்தப் போட்டோவைத்தான் அவரிடம் நீட்டினார்கள். வாசலுக்கு ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார். "நீதானே சார் அந்த வெள்ளக் கட்டியக் காட்டுன? இவங்களாண்ட சொல்லு சார்." பொக்லைன் வீட்டின் பின்பக்கம் போனதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உள்ளே கட்டிலில் பாஷா இருப்பதும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை அன்றோடு நின்றிருக்கும், அடுத்த மழைக்குள் குளம் தயாராகியிருக்காது. கட்டில் மேல் சுவர் விழும்வரை நான் பேசவில்லை.

இந்த மழையில் அங்கே யார் வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை, விசாரித்துப் பாருங்கள். குளத்துக்கு அன்வர் பாஷாவின் பெயரை வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அதை நானாக முடிவு செய்யக் கூடாது, அய்யா. மக்களைக் கூட்டிக் கேளுங்கள். மாதிரியை நான் செய்து தருகிறேன்.