பித்தளை உருண்டையில் அழுதவன்

விளக்கைத் தூண்டிவிடு, செல்லக்கண்ணு. சிரிக்கிறவன் இப்போதே எழுந்து போகலாம். இது நம் கூட்டாளி அஹமது கபீரின் மாமா நூர்தீனுக்கு நடந்தது.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை நேரம். சிராங்கூன் சாலை. டிராம் போய்விட்டால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஈ காக்கை இருக்காது. சாணி நாற்றம், ஈர வைக்கோல்... நூர்தீன் தோளில் மூட்டையோடு வீட்டுக்கு நடந்தார்.

அந்த வாரம்தான் அவர் மனைவி பதுருன்னிசாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கடையிலிருந்து இவர் ஓடி வருவதற்குள் அதன் உயிர் போய்விட்டது. பிறந்த பிள்ளை காதில் வாப்பா சொல்ல வேண்டிய பாங்கைக்கூடச் சொல்ல முடியவில்லை. அந்தத் துக்கத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஏலத்துக்குப் போய், ஒரு வெள்ளைக்கார வாத்தியார் விட்டுப்போன பித்தளை உருண்டைகளை வாங்கி அந்த மூட்டையில் கட்டி வந்தார்.

ஓசையை ஆராய்கிற கருவிகளாம். சிறியது எலுமிச்சை அளவு, பெரியது குடம் அளவு. ஒரு பக்கம் வாய், மறுபக்கம் காதில் செருகும் மூக்கு. சின்னதில் கீச்சுக்குரல் மட்டும் கேட்கும், பெரியதில் தடித்த குரல் மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் சும்மா சின்ன உருண்டையைக் காதில் வைத்தார்... குழந்தை அழுதது. பித்தளையில் தாய்ப்பால் வாசம்.

பதுருன்னிசா பிடுங்கிக் கேட்டாள். “நம்ம புள்ளதாங்க... பாங்கு சொல்லுங்க. அதுக்குத்தான் அழுவுறான்.”

உருண்டையின் வாயருகே குனிந்து நூர்தீன் பாங்கு சொன்னார். அழுகை நின்றது.

அதோடு விட்டிருக்க வேண்டும். பெற்ற மனம் கேட்குமா? மறுநாள் அடுத்த உருண்டையை எடுத்தார். “வாப்பா” என்றது மழலை. அதற்கடுத்ததில் பையன் குரல். அப்புறம் மீசை முளைக்கிற வயதின் உடைந்த குரல். உருண்டைக்கு உருண்டை மகன் வளர்ந்தான். கடை திறக்கவில்லை, வீட்டில் உலை வைக்கவில்லை.

கடைசியில் குடம் அளவு உருண்டைதான் மிச்சம். அதைக் காதில் வைத்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என்னங்க சொல்றான்?”

“கலிமா சொல்லித் தர்றான்... எனக்கு.”

சாகக் கிடக்கிறவர் காதில்தானே அதைச் சொல்லித் தருவார்கள்? நோய்நொடி இல்லாத மனிதர். விடிவதற்குள் மௌத்தாகிவிட்டார். பாவம், அவள் அழக்கூட இல்லை.

ஜனாஸா அடக்கத்துக்குப் போன பிறகு பதுருன்னிசா சின்ன உருண்டையைக் கையில் எடுத்தாள். இனி வாப்பாவும் மகனும் ஒன்றாக இருப்பார்கள், அழுகை இருக்காது என்று ஒரு நப்பாசை. காதில் வைத்தாள்...

அழுகை திரும்பியிருந்தது. இப்போது இரண்டு குழந்தைகள் அழுதன. ஒன்று மகன், மற்றது புதிதாகப் போன வாப்பா.