மேனேஜர் வீட்டுத் தண்ணீர்

தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகச் சொட்டுச் சிந்தாமல் ஒதியம்பட்டு வரப்பில் நடப்பவள் எங்கள் மாதாகோயில் பங்கிலேயே நான் ஒருத்திதான், ஐயா. பெயர் அல்போன்சா. நடக்கும்போது பாட்டும் வரும்.

கரும்புப் பண்ணை மேனேஜர் உத்திராபதி வீட்டுக்கு நான்தான் குடிதண்ணீர் சுமந்தேன். அவர் கிணறு உப்பு. அரை மைல் தள்ளி மாதாகோயில் கிணற்றிலிருந்து தினமும் நான்கு குடம். நல்ல மனிதர், தீபாவளிக்கும் சேலை, கிறிஸ்துமஸுக்கும் சேலை.

பண்ணையில் பூச்சிமருந்து டிரம்களைக் கழுவி வாய்க்காலில் விடுவார்கள். அது எங்கள் குளத்தில் விழும். எங்கள் தெருவே குளத்தங்கரை ஊற்றில்தான் குடிக்கிறது. எழுபத்தெட்டாம் வருஷம் மீன்கள் மிதந்தன. என் எருமைகள் இரண்டும் செத்தன. தெருவில் பாதிப் பேருக்கு வாந்தி.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து அதிகாரி விசாரிக்க வந்தார். எங்கள் தெருக் கண்ணையன் மேனேஜரைப் பார்த்துக் கேட்டான்:

"இன்னா சார், இந்தத் தண்ணிய நீ குடிப்பியா?"

"குடிப்பேன்பா. எங்க வூட்ல அத்தினி பேரும் குடிப்போம். பன்னீர் மாரி கீது," என்றார் மேனேஜர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டு போய்விட்டார். பெரிய மனிதர் சொன்ன சொல் பொய்யாகக் கூடாது என்று எனக்குப் பட்டது.

மறுநாளிலிருந்து நான்கு குடத்தையும் பண்ணை வாய்க்காலில் மொண்டேன். தண்ணீர் கலங்கல்தான். குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை நன்றாகத் தேய்த்துவிட்டால் கலங்கல் அடியில் தங்கிவிடும். நாற்றத்துக்கு ஒரு பிடி வெட்டிவேர்.

"இன்னாடி அல்போன்சா, தண்ணி இவ்ளோ வாசமா கீது?" என்று மேனேஜர் மனைவி கஸ்தூரி மகிழ்ந்துபோனார். அன்று எனக்குக் காபி கிடைத்தது.

ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது எனக்கு. தண்ணீர் கெட்டது என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன அன்றே நிறுத்திவிடுவதாக மாதாவிடம் நேர்ந்திருந்தேன். தினமும் கேட்பேன்:

"தண்ணி எப்படி சார்?"

"தேன்டி," என்பார்.

நான் என்ன செய்ய? இரண்டாம் மாதம் அவருக்குக் கை நடுங்கியது. அப்போதும் தேன்தான்.

நான்காம் மாதம் அவர்களுடைய நான்கு வயது மகள் ஜெயா படுத்துவிட்டாள். "ஒண்ணும் தங்கலடி. தண்ணி மட்டுந்தான் கேக்குது," என்று கஸ்தூரி அழுதார். பாவமாக இருந்தது. அன்று தேத்தாங்கொட்டையை இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டு, பானைத் தண்ணீரைச் சோதித்தார்கள். அதிலிருந்த பூச்சிமருந்தின் பெயரைச் சொன்னதும் மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே கொம்யூனுக்கு ஓடி, பண்ணை வாய்க்காலில் போவது விஷம் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். அன்றே வாய்க்காலை அடைத்தார்கள். நானும் நேர்ந்தபடி அன்றே நிறுத்தினேன். இப்போது குளத்தில் மறுபடி மீன் துள்ளுகிறது. வந்து பாருங்கள்.

ஜெயாவை வியாழக்கிழமை புதைத்தார்கள். அந்தக் குழந்தைக்கு நான் என் கையால் ஒரு டம்ளர்கூடக் கொடுத்ததில்லை, ஐயா. எல்லாம் அவள் அம்மா ஊற்றிக் கொடுத்ததுதான்.